அவள் அம்மா வரும் வரைக்கும்

எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. கழக ஆட்சி வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. குத்தகைச் சட்டம், நில உச்சவரம்பு என்று டீக்கடையில் கூட அதே பேச்சாக இருந்த காலம். அப்போது நான் தஞ்சாவூரில் விடுதியில் தங்கி, பால்வாடி ஆசிரியைப் பயிற்சி படித்துக்கொண்டிருந்தேன்.

எனக்குச் சொந்த ஊர் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம். அப்பா குத்தகைக்கு நிலம் எடுத்துச் சாகுபடி செய்தவர். பள்ளிப் படிப்பு முடிந்ததும், பள்ளிக்கூட வாத்தியார் பயிற்சி கிடைக்காததால், "இதுக்காவது போம்மா, கையில ஒரு தொழில் இருக்கட்டும்" என்று சேர்த்துவிட்டார். அரை மனதாகத்தான் போனேன். போன பிறகு பிடித்துப்போயிற்று. குழந்தைக்கு எடை பார்ப்பது, கஞ்சி காய்ச்சுவது, களிமண்ணில் பொம்மை செய்வது, காய்ச்சல் வந்தால் எதையெல்லாம் கவனிப்பது, வீடு வீடாகப் போய்த் தாய்மாரிடம் எப்படிப் பேசுவது என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். சமூக சேவை என்று தனியாக ஒரு பாடமே இருந்தது. அதில் எனக்கு எப்போதும் நல்ல மார்க் வரும்.

பயிற்சியின் கடைசிப் பகுதியாக ஒவ்வொருவரையும் ஒரு கிராமத்துக்கு அனுப்பினார்கள். எனக்குக் கிடைத்தது கீழத்தஞ்சையில் ஒரு ஊர். ஊர்த்தெருவில் ஒரு ஓட்டு வீட்டின் பக்கத்து அறையில் தங்கினேன். பால்வாடி இருந்தது விவசாயத் தொழிலாளர்கள் குடியிருந்த கீழத்தெருவில், தெரு தொடங்கும் இடத்தில் ஒரு கீற்றுக் கொட்டகையில். நடவு நேரத்தில் பெண்கள் கைக்குழந்தையை வயலுக்குத் தூக்கிக்கொண்டு போய் வரப்போர மரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டு நடுவார்கள். கொஞ்சம் பெரிய குழந்தைகள் வரப்பிலேயே உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் வாய்க்கால், புல்லுக்குள் பாம்பு. அந்தக் குழந்தைகளைக் கொட்டகையில் வைத்துப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

முதல் நாள் யாரும் வரவில்லை. மறுநாள் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு வந்து சற்றுத் தள்ளியே நின்றார். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். "வாங்கக்கா, உள்ள வாங்க" என்றேன். அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார், நான் வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்து. ஊர்த்தெருவிலிருந்து யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. அதன்பிறகு அவர் சொல்லித்தான் மற்றவர்களும் குழந்தைகளைக் கொண்டுவந்தார்கள்.

அவருடைய குழந்தை மூன்று வயது நிறையாத பெண். எடை பார்க்கும் தொட்டிலில் உட்கார அவளுக்கு அவ்வளவு ஆசை. காலையில் வந்ததும் அதன் அடியில் போய் நின்றுவிடுவாள். ஏற்றி உட்கார வைத்து நான் முள்ளைப் பார்ப்பது போல் பார்த்து, "ஆகா, ஆனை மாதிரி ஆயிட்டீங்க" என்று சொன்னால்தான் இறங்குவாள். என்னை "டீச்சம்மா" என்பாள்.

சம்பா நடவு தொடங்கும் நேரத்தில் ஊரில் பிரச்சினை ஆரம்பித்தது. கூலி நெல்லைக் கூட்டித் தரவேண்டும் என்று விவசாயத் தொழிலாளர் சங்கம் கேட்டது. மிராசுதார்கள் மறுத்தார்கள். நடவுக்கு ஆள் இறங்கவில்லை. நாற்று முற்றிக்கொண்டே போயிற்று. அதற்குச் சில வருஷம் முன்புதான் அந்தப் பக்கத்தில் கூலி கேட்டவர்களைக் குடிசையோடு எரித்த பெரிய கொடுமை நடந்து, யார் மனதிலிருந்தும் அது போகாத நேரம். இருட்டினால் ஊர்த்தெருவும் கதவைச் சாத்திக்கொண்டது, கீழத்தெருவும் சாத்திக்கொண்டது. அந்தக் குழந்தையின் அப்பா மீது ஏதோ வழக்கு என்று அவர் முன்பே தலைமறைவாகப் போய்விட்டார்.

ஒரு நாள் காலையில் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து வயலில் இறக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. கீழத்தெருப் பெண்கள் எல்லாரும் தடுக்கக் கிளம்பினார்கள். அந்த அக்காவும் கிளம்பினார். குழந்தைக்கு முதல் நாளிலிருந்தே காய்ச்சல். கண் சிவந்து, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. கொட்டகையில் கொண்டுவந்து பாயில் படுக்க வைத்தார்.

"இன்னிக்கு ஒரு நாளு பாத்துக்கங்க டீச்சரம்மா. பொழுது சாய வந்துடுறேன்."

வயலுக்குள் இறங்கிச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்களாம். மதியத்துக்குள் போலீஸ் வேன்கள் வந்துவிட்டன. சேறு காயாத புடவையோடு அவர்களை வரிசையாக நடத்திக்கொண்டு வந்தார்கள். பால் குடிக்கும் குழந்தைகளையும் கூடவே ஏற்றினார்கள். அந்த அக்கா மட்டும் வரிசையை விட்டு ஓடிவந்து கொட்டகைக்குள் நுழைந்தார். குழந்தையின் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். கழுத்திலும் மார்பிலும் சிவப்பாகப் பொரிந்திருந்தது.

"மணல்வாரி அம்மை போட்ருக்கு. இதத் தூக்கிட்டுப் போனா அங்க இருக்கற சின்னப் புள்ளைங்களுக்கெல்லாம் ஒட்டிக்கும். நீங்க வச்சுக்கங்க."

"எத்தனை நாளைக்குக்கா?"

"தெரியலீங்களே" என்றார். குழந்தையின் நெற்றியில் கையை வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய் வேனில் ஏறினார். அவர்களைத் திருச்சி ஜெயிலுக்குக் கொண்டுபோனதாகப் பிறகு தெரிந்தது.

தெருவில் மிஞ்சியிருந்தவர்கள் வயதானவர்களும், மறைந்து மறைந்து வந்துபோன ஓரிரு ஆண்களும்தான். ஒவ்வொரு வீட்டிலும் அவர்கள் குழந்தைகளே இரண்டு மூன்று இருந்தன. அம்மை போட்ட குழந்தையை யார் கையில் கொடுப்பது? என் அறைக்கே கொண்டுபோகலாம் என்று போனேன். வீட்டுக்கார அம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டார். "அம்மை போட்ட புள்ளய இங்க கொண்டாராதம்மா. அதுவும் அந்தத் தெருப் புள்ள." அவர் வீட்டிலும் ஒரு கைக்குழந்தை இருந்தது. முதல் காரணத்துக்காக அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் பெட்டியையும் பாயையும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்கே குடிவந்துவிட்டேன். வேப்பிலையைப் பரப்பி அவளைப் படுக்க வைத்து, கஞ்சித் தண்ணீரும் இளநீரும் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் கண்ணைத் திறக்கும்போதெல்லாம் "எங்கம்மா?" என்பாள். "வந்துடுவாங்க" என்பேன். எனக்கு வயது இருபது கூட ஆகவில்லை. அதற்கு முன் ஒரு குழந்தையோடு இரவு முழுக்க இருந்ததே இல்லை.

ஓரிரு நாளில் எங்கள் மேற்பார்வை டீச்சர் தஞ்சாவூரிலிருந்து வந்தார். கிராமங்களில் இருந்த பயிற்சி மாணவிகள் எல்லாரையும் உடனே திருப்பிக் கூப்பிட்டுக்கொள்ள உத்தரவாம். கொட்டகைக்கு வந்தவர் குழந்தையைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

"ஊர் சரியில்ல. பெட்டிய எடு. ரெண்டு மணி பஸ்ஸுக்குப் போயிடலாம்."

"இந்தப் புள்ளய யாருகிட்ட விட்டுட்டு வர்றது டீச்சர்?"

"தஞ்சாவூர்ல அநாதைக் குழந்தைங்க விடுதி இருக்கு. நான் பேசறேன், சேத்துக்குவாங்க."

"இது அநாதை இல்லயே டீச்சர். அவங்க அம்மா வந்து கேட்டா நான் என்ன சொல்றது?"

அவர் குழந்தையை மறுபடி பார்த்தார். பிறகு மெதுவாக, "பரீட்சைக்கு அதிக நாள் இல்ல. வருகை குறைஞ்சா எழுத விடமாட்டாங்க. ஒரு வருஷம் போயிடும். தெரியும்ல?" என்றார்.

"தெரியும் டீச்சர்."

"உங்க அப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

சொல்லப்போனால், நான் பெரிதாக முடிவு எதுவும் எடுத்ததாகவே அப்போது தோன்றவில்லை. அவளைப் பாயிலிருந்து தூக்கி இன்னொருவர் கையில் கொடுப்பதை நினைத்துப் பார்த்தேன், முடியவில்லை, அவ்வளவுதான். டீச்சர் தன் பையிலிருந்து மதியத்துக்குக் கொண்டுவந்திருந்த தயிர் சாதப் பொட்டலத்தை எடுத்து என் பக்கத்தில் வைத்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு தனியாகப் பஸ்ஸுக்குப் போனார்.

தடிப்பெல்லாம் மங்கத் தொடங்கியும் காய்ச்சல் இறங்கவில்லை. ஒரு நாள் காலையில் அவள் மூச்சு விடுவதைப் பார்த்தேன். துருத்தி மாதிரி மார்பு ஏறி இறங்கியது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்கு அடியில் குழி விழுந்தது. இப்படி இருந்தால் ஒரு நிமிஷம் கூடத் தாமதிக்காதே என்று வகுப்பில் படித்திருந்தேன். நல்ல மழை. அவளைத் துண்டில் சுற்றி, மேலே ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பஸ் போகும் ரோடு வயல்களைத் தாண்டி வெகு தூரம்.

கீழத்தெருவுக்கும் ஊருக்கும் நடுவில் இருந்த மதகடியில் ஒரு போலீஸ்காரர் காவலுக்கு நின்றிருந்தார். நடுத்தர வயது. குழந்தையை விலக்கிப் பார்த்தார். அதே நேரம் வெளியூர் ஆட்களை வயலில் இறக்கிவிட்டு ஒரு பண்ணை டிராக்டர் திரும்பிக்கொண்டிருந்தது. கையைக் காட்டி நிறுத்தினார்.

"இந்தம்மாவை மெயின் ரோட்ல கொண்டுபோய் விடு."

டிராக்டர் ஓட்டியவர் தயங்கினார். "மொதலாளிக்குத் தெரிஞ்சா வேலை போயிடுங்க. இது கீழத்தெருப் புள்ள."

"மூச்சு விட முடியாம கெடக்கு. இதுல தெரு எங்கய்யா தெரியுது ஒனக்கு? ஏத்து. கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு."

டிராக்டர்காரர் மெயின் ரோட்டில் நிறுத்தவில்லை. டவுன் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்து இறக்கிவிட்டார். அவருக்கு வேலை போயிற்றா இருந்ததா என்பது எனக்குத் தெரியாது.

நிமோனியா என்றார்கள். ஊசி போட்டார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒரு நர்ஸ் வெளியே வந்து, "பாப்பாவோட அம்மா யாருங்க? உள்ள வாங்க" என்றார். நான் எழுந்து போனேன். டீச்சர் என்று சொல்லத் தோன்றவில்லை. அந்த வாரம் முழுக்க அந்த வார்டில் எல்லாரும் என்னை அப்படியேதான் கூப்பிட்டார்கள்.

அவள் பிழைத்துக்கொண்டாள். காய்ச்சல் விட்டதும் பசி எடுத்தது. கருவாடு வேண்டும் என்று அடம் பிடித்தாள். அம்மை இறங்கிய உடம்புக்கு அது கூடாது என்று பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து சொல்லியும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வாசல் கடையில் பூப்போட்ட கவுன் ஒன்று வாங்கிப் போட்ட பிறகுதான் கருவாட்டை மறந்தாள்.

கொட்டகைக்குத் திரும்பி, மஞ்சளும் வேப்பிலையும் போட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினேன். சாப்பிட்டாள், விளையாடினாள், என் பின்னாலேயே நடந்தாள். "எங்கம்மா?" என்று கேட்பது குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் முழுக்கக் கேட்கவே இல்லை. அதைக் கவனித்தபோது எனக்கு வந்தது சந்தோஷமா வருத்தமா என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. அவள் வாயில் "டீச்சம்மா" தேய்ந்து தேய்ந்து முன்பாதி போய்விட்டது. குளிப்பாட்டும்போது, ஊட்டும்போது, மழைக்கு ஒதுங்கும்போது "ம்மா, ம்மா" என்பாள். நானும் திருத்தவில்லை. யாரைத் திருத்துவது, மூன்று வயதுக் குழந்தையையா?

ஒருவழியாகத் தாசில்தார் முன்னிலையில் பேச்சுவார்த்தை முடிந்தது. கேட்டதில் பாதி கிடைத்தது. வழக்குகளை எடுத்துவிட்டார்கள். ஜெயிலில் இருந்த பெண்கள் காலை பஸ்ஸில் வந்து இறங்கி, வாய்க்கால் கரையோடு வரிசையாக நடந்து வந்தார்கள். தெருவே ஓடிற்று. நானும் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன்.

அக்கா பாதியாக இளைத்திருந்தார். கண்டதும் கையில் இருந்த துணிப்பையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டினார். குழந்தை அவரை ஒரு பார்வை பார்த்தாள். என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வீறிட்டு அழ ஆரம்பித்தாள். கூட வந்தவர்களில் ஒருவர் விளையாட்டாக, "டீச்சரு புள்ளயாயிடுச்சுடி" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

நீட்டிய கை அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மெதுவாக இறக்கிக்கொண்டார்.

"அழ விடாதீங்க. இருக்கட்டும். புள்ள பொழச்சுதே, அது போதும்" என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பேன். யாருக்காக அழுகிறேன் என்று எனக்கே தெரிந்திருக்காது.

பிடுங்கி வாங்கிக்கொண்டிருந்தால் ஒரு நாள் அழுதிருப்பாள், அதோடு முடிந்திருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. "நீங்களும் எங்க வூட்டுக்கு வாங்க டீச்சரம்மா. ஒங்கள பாத்துக்கிட்டே இருந்தாத்தான் எங்கிட்ட வரும்" என்றார். போனேன். சாப்பாட்டு நேரத்தில் தட்டைக் கழுவிக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். "எங்க வூட்டுல சாப்புடுவீங்களா?" நான் தட்டை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் யாரும் அதுவரை அப்படி ஒரு வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. அந்த நேரத்தில் அது எனக்கு நினைவுக்கே வரவில்லை.

நான் சோற்றைப் பிசைந்து உருண்டையாக உருட்டி அவர் கையில் வைப்பேன். அவர் ஊட்டுவார். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறப்பாள். அடுத்த நாள் அவரே பிசைந்தார். நான் பக்கத்தில் மட்டும் இருந்தேன். பிறகு கொஞ்சம் தள்ளிச் சுவரோரமாக, பிறகு வாசலுக்கு வெளியே. நாங்கள் இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை. அவரும் அவசரப்படவில்லை. நானும் நாளைக் கடத்தவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை தள்ளி உட்காரும்போதும் எனக்கு உள்ளே ஏதோ நைந்தது.

ஒரு நாள் நான் வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். தெருவில் விளையாடிக்கொண்டிருந்தவளுக்குக் காலில் முள் குத்திவிட்டது. அழுதுகொண்டே நொண்டி நொண்டி ஓடி வந்தாள். நான் கீரையைப் போட்டுவிட்டுக் கையை நீட்டினேன். அவள் என்னைத் தாண்டி உள்ளே ஓடினாள். "யம்மா, முள்ளு" என்று உள்ளே சத்தம் கேட்டது. "எங்க, காட்டு" என்று அக்காவின் குரலும் கேட்டது.

நான் கீழே சிதறிய கீரையைப் பொறுக்கி முறத்தில் போட்டேன். மறுநாள் கிளம்பிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

"சொல்லிட்டுப் போவாதீங்க. சொன்னா ரெண்டு பேருக்கும் ஆவாது" என்றார் அக்கா. அதற்குள் குழந்தையின் அப்பாவும் திரும்பி வந்திருந்தார். அவர் அவளைத் தோளில் உட்கார வைத்து வாய்க்காலில் மீன் காட்டக் கூட்டிக்கொண்டு போன நேரத்தில், அக்கா என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ரோடு வரைக்கும் வந்தார். பிந்தி நட்ட நடவு அப்போதுதான் பச்சை பிடித்திருந்தது. பஸ் கண்ணில் பட்டபோதுதான் என் கையைப் பிடித்தார்.

"ஒங்களுக்குக் கஷ்டமா இருக்கும். எனக்குத் தெரியும். அங்க ஜெயில்ல நான் அப்படித்தான் இருந்தேன்."

நன்றி என்று அவர் சொல்லவில்லை. அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது? பஸ்ஸில் உட்கார்ந்ததும் என் இரண்டு கையும் தானாக மடியில் வளைந்து நின்றன. யாரோ உட்கார்ந்திருப்பது போல. தஞ்சாவூர் வரும் வரைக்கும் அதை எடுக்கத் தோன்றவில்லை.

டீச்சர் சொன்னபடியே அந்த வருஷம் பரீட்சை எழுத விடவில்லை. அடுத்த வருஷம் எழுதினேன். அப்பா கொஞ்ச நாள் பேசாமல் இருந்தார், பிறகு பேசினார். ஒரத்தநாட்டுப் பக்கத்தில் வேலை கிடைத்தது. பால்வாடி அங்கன்வாடியாக மாறி, ஓய்வு பெறும் வரைக்கும் அதே வேலை. கல்யாணமாகி எனக்கும் இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். நல்ல பிள்ளைகள். ஒரு குறையும் இல்லை. இருந்தும் மழை நாளில் வேப்பிலை வாசனை வந்தால் கை சும்மா இருக்காது. எதையாவது எடுத்து மடித்துக்கொண்டே இருப்பேன்.

அந்த ஊருக்குப் போக வேண்டும் என்று எத்தனையோ முறை கிளம்பி நின்றுவிட்டேன். போனால் அவளைக் குழப்புவேனோ என்று பயம். அவளுக்குத் தெரியாமல் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வந்துவிடலாமா என்றும் யோசித்திருக்கிறேன். போகவில்லை.

பல வருஷம் கழித்து அக்காவே என்னைத் தேடிக்கொண்டு வந்தார், மகளுக்குக் கல்யாணம் என்று வெற்றிலை பாக்கோடு. எங்கெங்கோ விசாரித்து இடத்தைக் கண்டுபிடித்திருந்தார். தலை நரைத்திருந்தது. அரசு கொடுத்த கொஞ்சம் நிலத்தில் சொந்தமாக நடுகிறார்களாம். கல்யாணத்துக்குப் போனேன். பட்டுப்புடவையில் நின்ற பெண்ணிடம் என்னைக் கொண்டுபோய் நிறுத்தி, "இவங்கதான் அந்த டீச்சரு" என்றார். அவள் சட்டென்று குனிந்து என் காலைத் தொட்டாள். நிமிர்ந்து அழகாகச் சிரித்தாள்.

"அம்மா அடிக்கடி சொல்லுவாங்க டீச்சர். எனக்குத்தான் ஒண்ணுமே ஞாபகம் இல்ல."

"மூணு வயசு நடக்கறப்போ எப்படிம்மா ஞாபகம் இருக்கும்?" என்று நானும் சிரித்தேன். அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பந்தியில் தன் பக்கத்திலேயே உட்கார வைத்து, என் இலையில் ஒவ்வொன்றாக அவரே எடுத்து வைத்தார். "அதுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்ல" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார்.

அவளுக்கு என் நினைவில்லை என்பது, அன்று நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த காரியம் தழும்பில்லாமல் ஆறிவிட்டது என்பதற்கு அடையாளம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், இன்றைக்கும் என் பேத்தி தூக்கத்தில் புரண்டு என் புடவைத் தலைப்பைப் பிடித்தால், முதலில் என் வாயில் வருவது அந்தக் குழந்தையின் பெயர்தான்.